பரி வரைந்த அம்மையார் ரோசா போனர்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் கொல்லிமலைத் தலைவனுமான வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனோடு போர் மலைந்த மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படை தரும் செய்தி இது. ஆளையும் பரியையும் ஒரே பெயரால் அழைத்த நாடு, சங்ககிரிக் கோட்டை மேலிருந்து கிழக்கே நோக்குவார்க்கு அயல்நாடன்று. இன்றும் சங்ககிரியிலிருந்து புறப்பட்டுக் காவிரியைக் கடந்து பவானி வழியாக அந்தியூர் செல்வோர், ஆடித் திங்களில் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தையைக் காணலாம். கத்தியவார், மார்வாரி முதலிய இனக் குதிரைகள் அங்கே வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். பறை முழக்கத்திற்கேற்ப அடிவைத்து ஆடும் நாட்டியக் குதிரைகளைச் சுற்றி மக்கள் வட்டமிட்டு நிற்பர். வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். விற்க வந்தவர் வாங்குபவரின் முகத்தைப் பார்ப்பார். இவ்விரு திறத்தாரையும் சேராமல், வாங்கும் எண்ணமும் விற்கும் எண்ணமும் இன்றிக் குதிரையைக் குதிரைக்காகவே பார்த்து நிற்பவர் எந்தச் சந்தையிலும் ஒருவர் இருவர் இருப்பர்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் குதிரைச் சந்தையில் அவ்வாறு நின்ற ஒருவரின் வரலாறு இது. அவர் ஒரு பெண்மணி. அங்கே அவர் ஆணுடையில் நின்றார். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்துக் குதிரைகளின் மற்றொரு பெருங்கூட்டத்தின் நடுவே மீண்டும் வந்து நின்றார். அப்போது அவர் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை. இவ்விரண்டு வருகைகளுக்கும் இடையில் அமைந்தது ஓவியர் ரோசா போனரின் வாழ்வு.

பிரெஞ்சு நாட்டுப் போர்தோ நகரில் 1822 மார்ச் 16ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ரேமோன் போனர் ஓவியர். ஓவியம் கற்பித்துப் பிழைத்தவர். தாய் சோஃபி இசை பயிற்றுவித்தவர். பிள்ளைகள் நால்வரும் பிற்காலத்தில் கலைஞர்களே ஆயினர். இளையவர்களில் ஒகுஸ்தும் ஜூலியத்தும் ஓவியர், இசிதோர் சிற்பி. மூத்தவளான ரோசாவுக்கு எழுத்து மட்டும் மண்டையில் ஏறவில்லை. தாய் ஓர் உபாயம் கண்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலங்கை வரையச் சொன்னார். விலங்கின் வழியே எழுத்து வந்து சேர்ந்தது. அணிலைக் காட்டி அகரத்தையும் ஆட்டைக் காட்டி ஆகாரத்தையும் கற்பிக்கும் நம் அரிச்சுவடிக்கு இது புதிதன்று. ஆனால் நம் பிள்ளைகள் எழுத்து வந்தவுடன் அணிலை மறந்துவிடுகின்றனர். ரோசா எழுத்தை ஒரு பொருட்டாக எண்ணாமல் அணிலையே பற்றிக்கொண்டவர் எனலாம்.

குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை செயின்ட் சிமோன் கொள்கையாளரோடு சேர்ந்தார். ஆணும் பெண்ணும் நிகர் என்று பேசிய கூட்டம் அது. அக்கொள்கைக்காக அவர் வீட்டைத் துறந்து சென்று தங்கியிருந்த காலத்தில், வீட்டுச் சுமை முழுதும் தாயின் தோளில் விழுந்தது. நாளெல்லாம் இசைப் பாடமும் இரவெல்லாம் தையலுமாக உழைத்து நலிந்த சோஃபி 1833இல் மறைந்தார். ரோசாவுக்கு அப்போது பதினோரு வயது. பெண்ணின் உயர்வைப் பேசிய தந்தையின் சொல்லும், அப்பேச்சுக்கு விலையாகத் தேய்ந்த தாயின் உடலும் அச்சிறுமியின் நெஞ்சில் அருகருகே இருந்தன. தாம் மணம் செய்துகொள்வதில்லை என்று அவர் பின்னாளில் உறுதிகொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பள்ளிகள் அவரை வைத்துக்கொள்ளவில்லை. தையற்கடையில் தொழில் பழக விட்டனர், அதுவும் நிலைக்கவில்லை. வேறு வழியின்றித் தந்தையே மகளுக்கு ஓவியம் கற்பிக்கத் தொடங்கினார். பதினான்கு வயதளவில் ரோசா லூவர் காட்சியகத்தில் அமர்ந்து பழைய ஓவியங்களைப் படியெடுக்கலானார். அக்காலப் பெண்கள் பாரிசின் அரசுக் கலைப்பள்ளியில் சேர இயலாது. 1897வரை அக்கதவு திறக்கவில்லை. ஆகவே லூவரே அவருக்குப் பள்ளி. மற்றொரு பள்ளியும் இருந்தது, அது கொலைக்களம். பாரிசின் ரூல் பகுதியில் மாடுகளை வெட்டுமிடத்திற்குச் சென்று, தோலுரிந்த உடலில் தசை எவ்வாறு எலும்பைப் பற்றியிருக்கிறது, மூட்டு எங்கே மடங்குகிறது என்பதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். குருதியும் நாற்றமும் கசாப்புக்காரரின் கேலியும் நிறைந்த இடத்தில் இளம்பெண்ணொருத்தி தாளும் கரிக்கோலுமாக நின்ற காட்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விலங்கை நேசித்தவர் விலங்கு சாகும் இடத்தில் கல்வி பயின்றார் என்பது முரணாகத் தோன்றலாம். உடம்பின் உள்ளே இருப்பதை அறியாமல் மேலே மயிரை மட்டும் வரைபவர் வரையும் குதிரை பொம்மைக் குதிரையாகவே நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

குதிரை, பிழையை மன்னிக்காத விலங்கு. சென்னை அண்ணா சாலைக்கு அருகே நிற்கும் தாமஸ் மன்றோவின் சிலையைப் பற்றிய பேச்சு இதற்குச் சான்று. சேலத்தையும் பாராமகாலையும் அளந்து வரி வகுத்த அதே மன்றோதான். சாண்ட்ரி வடித்து 1839இல் நிறுவப்பட்ட அச்சிலையில் சேணமும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று வழிப்போக்கரும் வழக்காடுகின்றனர். ஏறியவரின் முகம் ஒத்திருக்கிறதா என்று கேட்பார் குறைவு. குதிரைமேல் அவர் எப்படி அமர்ந்திருக்கிறார் என்பதே கேள்வியாயிற்று.

1841இல் ரோசாவின் ஓவியங்கள் முதன்முதலாகப் பாரிசு சலோன் என்னும் ஆண்டுக் காட்சியில் இடம்பெற்றன. 1848இல் பொற்பதக்கம் கிடைத்தது. அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்க 1849இல் வரைந்த நிவெர்னே நாட்டு உழவுக் காட்சி அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. வெளிறிய நிறத்துப் பெரிய எருதுகள் இரண்டு ஏர்களாகப் பூட்டப்பட்டுப் புதிதாகப் புரண்ட மண்மீது நடந்து வரும் ஓவியம் அது. இப்போது பாரிசின் ஓர்சே காட்சியகத்தில் உள்ளது. காங்கேயம் காளையைத் திமிலும் தாடையுமாகப் பார்த்துப் பழகிய கொங்கு நாட்டார்க்கு அவ்வெருதுகளின் நடையில் ஒரு குறையும் தென்படாது. ஓவியத்தில் உழவர் முகம் தெளிவாக இல்லை. எருதின் கண் தெளிவாக இருக்கிறது. அவ்வாண்டிலேயே தந்தை மறைந்தார். அவர் நடத்திவந்த பெண்களுக்கான அரசு ஓவியப் பள்ளியின் பொறுப்பு மகளிடம் வந்தது.

இதற்குப் பின்னரே குதிரைச் சந்தை. சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கருகே, லொப்பித்தால் பெருஞ்சாலையின் மரநிழலில், பாரிசின் குதிரை வாணிகம் நடைபெற்று வந்தது. வாரத்தில் இரண்டு நாட்கள், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் ரோசா அங்கே சென்றார். பெண்ணுடையில் சென்றிருந்தால் பார்க்கப்படுபவர் அவராகியிருப்பார். குதிரைகளைப் பார்க்க இயன்றிராது. ஆதலின் காற்சட்டையும் மேலங்கியும் அணிந்து, குட்டையாக வெட்டிய முடியுடன் ஆண்போலச் சென்றார். அதற்கும் இசைவு வேண்டியிருந்தது. பாரிசில் பெண் ஆணுடை அணிய வேண்டுமாயின் காவல்துறையின் அனுமதி பெறுதல் வேண்டும் என்பது 1800ஆம் ஆண்டு ஆணை. ரோசாவின் அனுமதிச் சீட்டுகளுள் 1857 மே 12 நாளிட்ட ஒன்று எஞ்சியுள்ளது. உடல்நலத்தை முன்னிட்டு என்று அதில் காரணம் எழுதப்பட்டுள்ளது. ஆறு திங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதில் ஒரு விலக்கும் உண்டு. ஆணுடையில் நாட்டிய அரங்குகளுக்கோ காட்சிகளுக்கோ பொதுமக்கள் கூடும் கேளிக்கைகளுக்கோ செல்லலாகாது. சந்தைக்குப் போகலாம், காட்சிக்குப் போகலாகாது என்பது ஆணையின் நுட்பம். அந்த ஆணைக்கு வலுவில்லை என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது 2013இல்தான்.

சந்தையில் அவரை ஓர் இளைஞன் என்றே தரகர் பலர் எண்ணியிருக்க வேண்டும். பெண் என்று அறிந்த சிலரும் இருந்திருப்பர். கையில் சிறு சுவடி, கண் முழுதும் குதிரைமீது. பெர்ஷெரோன் என்னும் பருத்த உடற்கட்டுடைய இனத்தின் கழுத்து எப்படி வளைகிறது, ஓட்டத்தைத் தடுத்து இழுக்கும்போது பின்னங்காலின் தசை எங்கே திரளுகிறது, கடிவாளம் பிடிப்பவன் எடை முழுதையும் எந்தக் காலில் வைக்கிறான் என்பவற்றை நூற்றுக்கணக்கான வரைவுகளாகச் சேர்த்தார். அரசு அதிகாரியிடம் இரண்டு திட்டங்களைக் காட்டியபோது, குதிரைச் சந்தையை விட்டுவிட்டு வைக்கோல் ஏற்றும் காட்சியையே அவர் தேர்ந்தெடுத்தார். மாடு வரைபவர் என்று பெயர் பெற்றவருக்குக் குதிரை கைவருமா என்னும் ஐயம் போலும். புகழும் சிலபோது ஒரு தொழுவம். ஒருமுறை மாட்டோடு கட்டப்பட்டவரை அவிழ்த்துவிட எவருக்கும் மனம் வருவதில்லை.

1853ஆம் ஆண்டு சலோனில் ஓவியம் வைக்கப்பட்டது. இரண்டரை மீட்டர் உயரம், ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட அகலம். புழுதி கிளம்பும் மேட்டு நிலத்தில் குதிரைகள் வளைந்து ஓடிவருகின்றன. நடுவில் வெண்குதிரைகள், அருகே முன்னங்கால் தூக்கி நிமிரும் கருங்குதிரை. வலப்புறம் மரங்களின் கீழ் வாங்க வந்தவர் நிற்கின்றனர். தொலைவில் மருத்துவமனையின் கும்மட்டம் சிறிதாகத் தெரிகிறது. ஏதென்சு நகரத்துப் பார்த்தெனான் கோயிலின் குதிரை வீரர் புடைப்புச் சிற்பங்களை அவர் மனத்திற்கொண்டு இதை அமைத்தார். சிற்பத்தின் ஒழுங்கும் சந்தையின் குழப்பமும் ஒன்றையொன்று நெருக்குவதே ஓவியத்தின் வலிமை. கூட்டத்தின் நடுவே, மீசைதாடியற்ற முகமொன்று தொப்பிக்குக் கீழிருந்து நேரே நம்மை நோக்குகிறது. அது ஓவியரே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், ஒன்றரை ஆண்டுக்காலம் சந்தையில் ஒளிந்து நின்றவர் தம் ஓவியத்தில் மட்டும் தலையை உயர்த்தினார் எனக் கொள்ளலாம்.

பாராட்டு மழையாகப் பொழிந்தது. இனி அவர் ஓவியங்களைத் தேர்வுக்குழு பார்க்கத் தேவையில்லை என்னும் சலுகையும் கிடைத்தது. பிறந்த ஊரான போர்தோவுக்கு அதை விற்க அவர் விரும்பினார், போர்தோ வாங்கவில்லை. கலை வாணிகர் கம்பார் 40,000 பிராங்குக்கு வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கே விக்டோரியா அரசியாரின் தனிப்பார்வைக்கும் அது வைக்கப்பட்டது. கம்பாருக்குக் கொடுத்த பின்னரும் நிறைவின்றி 1855இல் சில இடங்களைத் திருத்தினார். கையொப்பத்தருகே 1853 என்னும் ஆண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஐந்து பின்னர் சேர்க்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பிறகு ஓவியம் கடல் கடந்து அமெரிக்கா சென்றது. 1887இல் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் 53,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சியகத்திற்கு வழங்கினார். ஓவியர் ஒருமுறைகூட மிதிக்காத அமெரிக்க மண்ணில் அவருடைய குதிரைகள் நிலைத்துவிட்டன.

இதற்குப்பின் முப்பது ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1859இல் பொந்தேன்புளோ காட்டோரத்தில் பீ என்னும் சிற்றூரில் பழைய மாளிகையொன்றை வாங்கினார். ஓவியம் விற்ற தம் பணத்தில், தம் பெயரிலேயே வாங்கினார். அன்றைய பிரெஞ்சு நாட்டில் ஒரு பெண்ணுக்கு இஃது எளிய செயலன்று. ஆடு, குதிரை, மான், காட்டுப்பன்றி தொடங்கிச் சிங்கம்வரை அங்கே வளர்ந்தன. 1865இல் பேரரசி யூஜீனி நேரில் வந்து லீஜியன் ஆஃப் ஆனர் விருதை அவர் மார்பில் சூட்டினார். அவ்விருது பெற்ற முதல் பெண் கலைஞர் அவரே. 1870ஆம் ஆண்டுப் போரில் படையெடுத்து வந்த பிரசிய இளவரசர் அவர் இல்லத்திற்குத் தீங்கு நேரலாகாது என்று ஆணையிட்டார். பகைவனின் அந்த இரக்கம் அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை.

இந்நெடுங்காலம் முழுதும் உடனிருந்தவர் நத்தாலி மிக்கா. பதின்ம வயதில் தொடங்கிய நட்பு. குதிரைச் சந்தை ஓவியத்தின் சிறிய படியொன்றை இருவரும் சேர்ந்தே உருவாக்கினர். இலண்டன் தேசியக் காட்சியகத்தில் உள்ளது அதுவே. வீட்டைப் பார்த்ததும் நோயுற்ற விலங்குகளுக்கு மருந்திட்டதும் நத்தாலி. தொடர்வண்டிக்கு ஒரு தடைக்கருவியையும் அவர் ஆக்கிப் பார்த்தார் என்பது பலர் அறியாதது. ரோசா தூரிகையை மட்டும் நினைத்திருக்கும்படி மற்றவற்றையெல்லாம் அவர் நினைத்துக்கொண்டார். இத்தகையோர் பெயர் ஓவியத்தின் மூலையில் எழுதப்படுவதில்லை. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் கண்டதில்லை என்பர்; இவர்களோ ஐம்பதாண்டுக்கும் மேலாக ஒருவரையொருவர் கண்டுகொண்டே இருந்தவர்கள். 1889 சூனில் நத்தாலி மறைந்தார். அறுபத்தேழு வயதான ரோசாவுக்கு மாளிகை வெறிச்சென்று போயிற்று. தூரிகையைத் தொட மனமின்றி இருந்தார்.

அவ்வாண்டு பாரிசில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. ஈபல் கோபுரம் எழுந்ததும் அதற்காகவே. அப்பொருட்காட்சிக்கு வந்த கூட்டத்தை நம்பி, நகரை ஒட்டிய நெய்யியில் ஓர் அமெரிக்கக் கூட்டம் பாளையமடித்திருந்தது. வில்லியம் கோடி என்னும் இயற்பெயருடைய பஃபலோ பில்லின் வைல்டு வெஸ்ட் காட்சிக் குழு அது. நம் நாட்டில் சர்க்கசு என்று சொல்வதைவிடப் பெரியது. கூரையில்லாத திடலில் நிகழ்வது. காட்டுக் குதிரையை அடக்குதல், கயிறு வீசிப் பிடித்தல், அஞ்சல் வண்டியை மறித்தல், எருமை வேட்டை, ஓடும் குதிரை மீதிருந்து சுடுதல் என்று நாளும் நடந்தன. ஆனி ஓக்லி என்னும் பெண் குறி தவறாமல் சுட்டுப் பாரிசை வியப்பிலாழ்த்தினார். லகோட்டா இனத்துச் செவ்விந்தியர் பலர் குடும்பத்தோடு வந்து, தோற்கூடாரங்களில் தங்கியிருந்தனர். ஓவியரான பால் கொகேனும் இக்காட்சியைப் பார்க்கச் சென்றவர்.

இங்கேதான் ரோசா மீண்டும் குதிரைகளிடம் வந்தார். கோடி அவருக்குப் பாளையத்தைத் திறந்துவிட்டார். காட்சி நடைபெறும் நேரத்திலும் நடைபெறாத நேரத்திலும், விரும்பியபோது வரலாம், விரும்பிய இடத்தில் அமரலாம். தரகர் இல்லை, சீட்டுக் கேட்கும் காவலர் இல்லை. வெளியார்முன் தோன்றும்போது அவர் பெண்ணுடையே அணிவது வழக்கம். மார்பில் விருதின் செந்நாடா. கால் மடக்கி அமரும் சிறு நாற்காலியும் வரைசுவடியுமாகக் கூடாரங்களுக்கிடையே அமர்ந்திருக்கும் நரைத்த முடிப் பெருமாட்டியை எவரும் வெளியே போகச் சொல்லவில்லை. பழைய ஆணையின் சொற்களில் சொன்னால் இது காட்சி, சந்தையன்று. ஆணுடையில் வரக் கூடாத இடம். அவருக்கோ ஆணுடை இப்போது வேண்டியதில்லை.

அவ்வரைவுகளில் விரைவு இல்லை. சந்தையில் ஒரு குதிரை விற்றுப் போவதற்குள் அதைப் பிடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி பழைய சுவடிகளில் உண்டு. இங்கே கட்டுத்தறியில் நிற்கும் குதிரை, முகத்தைத் தாழ்த்தித் தூங்கும் குதிரை, சேணம் இறக்கிய முதுகு, கூடார வாயிலில் அமர்ந்த பெண், குழந்தை, எருமை என்று நின்று நிதானித்துச் சேர்ந்தவை மிகுதி. அரங்கில் கைதட்டல் பெற்ற பாய்ச்சலைவிட, அரங்கை விட்டு வந்த பின் விலங்கு எப்படி நிற்கிறது என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் குதிரையைப் பார்க்கும் முறையே மாறியிருந்தது. மைபிரிட்ஜ் 1878இல் எடுத்த தொடர் நிழற்படங்கள், நாற்காலும் முன்னும் பின்னும் நீட்டிப் பறப்பதாக ஓவியர் காலங்காலமாக வரைந்த பாய்ச்சல் பொய் என்று காட்டிவிட்டன. பலருடைய பழைய ஓவியங்கள் அதனால் நகைப்புக்கிடமாயின. குதிரைச் சந்தை ஓவியத்திற்கு அந்த இழுக்கு நேரவில்லை. அதில் குதிரைகள் நடக்கின்றன, துள்ளுகின்றன, நிமிர்கின்றன, பறக்கவில்லை.

செப்டம்பரில் கோடி பீ மாளிகைக்கு வந்து விருந்துண்டார். ரோசா அவரை வெண்குதிரைமீது அமர்ந்த கோலத்தில் வரைந்தளித்தார். ஐந்து மீட்டர் அகலத்தில் குதிரை வரைந்தவர் தீட்டிய இவ்வோவியம் அரை மீட்டர் உயரம்கூட இல்லை. கோடி நிமிர்ந்து அமர்ந்து தொலைவை நோக்குகிறார். குதிரையோ நிலத்தில் கால் ஊன்றி அமைதியாக நிற்கிறது. ஆரவாரத்தால் பிழைத்த மனிதருக்கு ஆரவாரமற்ற உருவம் கிடைத்தது. அவர் அதை அமெரிக்காவிலிருந்த தம் வீட்டுக்கு அனுப்பினார். பின்னொருகால் வீடு தீப்பற்றியபோது, வீடு போனாலும் போகட்டும், போனர் ஓவியத்தைக் காப்பாற்றுங்கள் என்னும் பொருள்படத் தந்தி அடித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. விளம்பரக் கலையில் வல்லவரைப் பற்றிய கதையாதலின் அதை முழுதும் நம்பத் தேவையில்லை. ஓவியம் தப்பியது மட்டும் உண்மை. வயோமிங் மாநிலத்தில் அவர் பெயரால் அமைந்த கோடி நகரக் காட்சியகத்தில் இருக்கிறது. குழுவின் சுவரொட்டியொன்றில், நடுவே முதிய ஓவியர் அமர்ந்து வரைய, ஒருபுறம் வெண்குதிரைமேல் நெப்போலியனும் மறுபுறம் வெண்குதிரைமேல் கோடியும் நின்றனர். விளம்பரத்துக்காக எவரோ வரைந்த படத்தில் தாமே ஒரு சித்திரமாகிப் போனார் ரோசா.

அவர் மிகுதியாக விரும்பிப் பார்த்தவர்கள் செவ்விந்தியரே. ராக்கி பேர், ரெட் ஷர்ட் என்னும் தலைவர்களைக் குதிரைமேல் வரைந்தார். தம் நிலத்தை இழந்தவர்கள், அதை இழந்த கதையையே நாள்தோறும் கட்டணம் செலுத்தியவர்க்கு நடித்துக்காட்டும் நிலையில் இருந்தனர். அந்த மக்கள் மீது அவருக்கிருந்த பரிவு உண்மையானது. ஆயினும் மறையப் போகும் இனம் என்ற எண்ணத்தோடு பார்த்த பரிவு அது. அக்கால ஐரோப்பியர் பலர்க்கும் பொதுவான பார்வை. அடுத்த ஆண்டு, 1890 டிசம்பரில், வுண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்கப் படை லகோட்டா மக்களைப் பெண்டிர் குழந்தையர் உட்படக் கொன்று குவித்தது. பாரிசில் வரைந்த கூடாரங்களை அதன்பின் அவ்வமைதியோடு பார்ப்பது எளிதன்று.

அதே இலையுதிர்காலத்தில் மற்றொரு குதிரைச் செய்தியும் நிகழ்ந்தது. அமெரிக்கக் காப்பி வணிகர் ஜான் ஆர்பக்கிள் முன்னரே அவருக்குப் புல்வெளிக் காட்டுக் குதிரைகளைப் பரிசாக அனுப்பியிருந்தார். சிங்கத்தை மடியில் வைத்திருந்தவரால் அக்குதிரைகளை அணுக இயலவில்லை. சேணம் காணாதவை, ஆள் காணாதவை. கோடியின் ஆட்கள் வந்து கயிறு வீசிப் பிடித்துக்கொண்டுபோயினர். பரிசளித்த வணிகர் அக்டோபர் 15ஆம் நாள் நேரில் வந்தபோது மொழிபெயர்ப்புக்காக உடன் வந்தவர் அன்னா கிளம்ப்கே என்னும் இளம் அமெரிக்க ஓவியர். சிறுமியாக இருந்தபோது ரோசா போனர் பெயரிட்ட பொம்மையை வைத்து விளையாடியவர் அவர். 1898இல் ரோசாவின் உருவத்தை வரைய மீண்டும் வந்தார்; திரும்பிப் போகவில்லை. அடக்க முடியாத குதிரைகளின் வழியாகவே முதுமையின் துணை வந்து சேர்ந்தது. 1899 மே 25ஆம் நாள் ரோசா மறைந்தார். பெர் லாசேசு இடுகாட்டில் நத்தாலியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பல்லாண்டு கழிந்து அன்னாவின் எச்சமும் அங்கேயே சேர்ந்தது.

1900இல் அவருடைய ஓவியக்கூடத்தில் இருந்தவை ஏலத்துக்கு வந்தபோது ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளும் வரைவுகளும் வெளிப்பட்டன. விற்க வேண்டும் என்றே வரையாமல், பார்த்ததைப் பார்த்தபடி சேர்த்துவைத்த தாள்கள் அவை. அதன்பின் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பிரெஞ்சு நாடு அவரை மறந்தது. ஒளியையும் நிறத்தையும் பிடித்த புதிய ஓவியர் முன், மயிரையும் தசையையும் பிடித்தவர் பழையவராகிப் போனார். 2022இல் இருநூறாம் பிறந்த ஆண்டை முன்னிட்டு ஓர்சே காட்சியகமும் போர்தோவும் பெருங்காட்சி நடத்திய பின்னரே பெயர் மீண்டும் பலர் வாயில் வந்தது.

அவர் கூடத்தில் முடியாமல் நின்றது ஒரு பெரும் ஓவியம். தென்பிரெஞ்சு நாட்டுக் காமார்க் நிலத்தில் குதிரைகளை விட்டுக் கோதுமைக் கதிர் மிதிக்கும் காட்சி. நம் களத்தில் பிணையல் மாடுகள் சுற்றிவருமே, அதுபோலத்தான். அங்கே மாட்டுக்குப் பதில் குதிரை, நடைக்குப் பதில் ஓட்டம். ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் அதை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எடுப்பதும் விடுவதுமாக இருந்தார். நெய்யித் திடலிலிருந்து திரும்பிவந்த பின்னும் அது சுவரில் காத்திருந்தது. குதிரைகள் உயிரளவில் முன்னே பாய்ந்து வருகின்றன. காலடியில் வைக்கோல் சிதறுகிறது. சில இடங்களில் வண்ணம் இன்னும் ஏறவில்லை. முன்னம் குதிரைச் சந்தையை வாங்க மறுத்த போர்தோ நகரத்தின் கலைக் காட்சியகத்தில் இப்போது அது மாட்டப்பட்டுள்ளது.